பட்டா சரி, தடம் எங்கே? குடிமங்கலம் பக்கம் ஒரு தோட்டம் கை மாறின விவரம்

பின்னணி

திருப்பூர் மாவட்டம் குடிமங்கலம் ஒன்றியத்துல ஒரு சின்ன ஊர்ல 2023ல ஆரம்பிச்சு 2025 வரைக்கும் இழுத்த விஷயம் இது. நான் பத்திரம் எழுதற ஆபீஸ்ல வேலை பாக்கறேன், வாங்கினவங்க வித்தவங்க ரெண்டு தரப்பு பேப்பரும் என் டேபிள் வழியாத்தான் போச்சு. பேரு, ஊரு, சர்வே நம்பர் எதுவும் எழுதல. ரெண்டு குடும்பத்துகிட்டயும் சொல்லிட்டுத்தான் எழுதறேன்.

வாங்க வந்தவங்க திருப்பூர்ல இருந்து வந்த புருஷன் பொண்டாட்டி, அவரு ஒரு பனியன் கம்பெனில சூப்பர்வைசரா இருந்தவரு, அந்தம்மா வீட்டுலயே தைச்சு குடுக்கறவங்க, கூட அவரோட அம்மா. டவுன்ல இருந்த சைட்டை வித்த பணம் பேங்குல இருந்துச்சு. தோட்டம் வாங்கி அங்கயே குடிபோயிடணும், அம்மா சின்ன வயசுல பண்ணையம் பாத்தவங்க, அவங்களும் வந்து இருப்பாங்க, இதுதான் திட்டம். வீக்கெண்ட் பார்ம் ஹவுஸ் கேஸ் இல்ல, குடியிருக்கப் போறவங்க. அதனாலதான் இந்த கேஸை எழுதணும்னு தோணுச்சு. ஏன்னா வேலி போட்டு பூட்டிட்டு போறவனுக்கு தடமும் (தோட்டத்துக்கு வர்ற வண்டிப்பாதை) தண்ணியும் பெரிய விஷயமா தெரியாது, அங்கயே இருக்கறவனுக்கு தினமும் அதுதான் வாழ்க்கை.

விக்கிறவரு எழுபது தாண்டின விவசாயி, பசங்க ரெண்டு பேரும் கோயமுத்தூர்ல. விலைக்கு சொன்னது 2 ஏக்கர் 40 சென்ட், தென்னந்தோப்பு, ஒரு ஓட்டுச்சாளை (தோட்டத்து ஓட்டு வீடு), கிணத்துல பாதி பங்கு, இலவச கரண்ட் சர்வீஸ் 5 எச்பி, "தடம் வீட்டுவாசல் வரைக்கும் டிராக்டர் போகும்". ஏக்கர் 34 லட்சம். பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) பாசன நிலம்னு சொன்னதால அந்த விலை. பிஏபில நாலு மண்டலமா பிரிச்சு சுத்து முறையிலதான் தண்ணி விடுவாங்க, ஒரு மண்டலத்துக்கு ஒரு தடவை விட்டா அடுத்தது வர ரெண்டு வருஷம் பக்கம் ஆயிரும். இது புரோக்கர் சொல்றதில்ல, "வாய்க்கா தண்ணி பாயுது"ன்னு மட்டும் சொல்லுவாங்க.

முதல்ல கையில இருந்த பேப்பர்

வில்லங்கம் (நிலத்து மேல பதிஞ்ச பத்திரங்களோட பட்டியல்) ஆன்லைன்ல 1975ல இருந்து எடுத்தாங்க, சுத்தமா இருந்துச்சு. 1984ல ஒரு பாகப்பிரிவினை, அப்புறம் ஒரு பேங்க் அடமானம், அது கட்டி முடிஞ்ச ரசீது பத்திரம், அவ்வளவுதான். பட்டா விக்கிறவரு பேர்ல தனிப்பட்டா. அடங்கல்ல (கிராமத்து பயிர்க் கணக்கு) தென்னை. புரோக்கர் இதை வெச்சுகிட்டு பத்து லட்சம் அட்வான்ஸ் கேட்டாரு, வெத்து பேப்பர்ல அக்ரிமென்ட் போட்டுக்கலாம்னாரு.

அந்தம்மாதான் பட்டாவை திரும்பத்திரும்ப பாத்துட்டு ஒண்ணு கேட்டாங்க, "நிலம் ஒண்ணுதானுங்களே, பட்டாவுல ஏன் ரெண்டு லைன் இருக்குது?" ஒரே பட்டாவுல ரெண்டு உட்பிரிவு, ஒண்ணு 0.75.0 ஹெக்டேர், இன்னொண்ணு 0.22.5 ஹெக்டேர். அதாவது 1 ஏக்கர் 85 சென்ட், அப்புறம் 55 சென்ட். நல்ல கேள்வி அது. ரெண்டு உட்பிரிவுன்னா ரெண்டு வழியில வந்திருக்க வாய்ப்பு இருக்கு, அப்ப மூலப்பத்திரத்தை பாத்துதான் ஆகணும்.

1984 பத்திரத்தோட நகல் போட்டு எடுத்தோம். அதுல மூணு ஷெட்யூல், அதாவது யாருக்கு எந்த நிலம்னு மூணு பட்டியல். ஏ ஷெட்யூல் 1 ஏக்கர் 10 சென்ட் அப்பாவுக்கு, பி மூத்த மகனுக்கு, சி இளைய மகனுக்கு, அதாவது நம்ம விக்கிறவருக்கு. சி ஷெட்யூல்தான் அந்த 1.85, அது பத்திரப்படி பக்காவா அவருது. அந்த 55 சென்ட் அப்பாவோட ஏ ஷெட்யூல்ல பாதி. அப்பா 1998ல உயில் எதுவும் எழுதாம போயிட்டாரு, அதுக்கப்புறம் அண்ணன் தம்பி வாய்ப்பேச்சுல பாதிப்பாதி பிரிச்சுகிட்டு பட்டாவையும் மாத்திகிட்டாங்க. ரெண்டு அக்கா இருக்காங்கன்ற விஷயம் எந்த பேப்பர்லயும் இல்ல.

இங்க ஒரு குழப்பம் வழக்கமா வரும். 1989ல தமிழ்நாட்டு சட்டம் வந்துச்சு, 2005ல மத்திய சட்டம் வந்துச்சு, அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுக்கு, முன்னாடியே பாகம் ஆன சொத்துல பங்கு இல்லைன்னு ஊர்ல எல்லாரும் வக்கீல் மாதிரி பேசுவாங்க. 1984லயே பதிஞ்ச பாகத்தை இப்ப கலைக்க முடியாதுன்றது சரிதான், பி ஷெட்யூலும் சி ஷெட்யூலும் தப்பிச்சுது. ஆனா அப்பா பங்குக்கு வந்த ஏ ஷெட்யூல் அவரோட தனிச்சொத்து, உயில் இல்லாம செத்தா 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 8ம் பிரிவுப்படி மகன், மகள், மனைவி எல்லாருக்கும் சம பங்கு, பொண்ணுக்கு கல்யாணம் எப்ப ஆச்சுன்ற கேள்வியே அங்க வராது. அவங்கம்மா 2006ல காலமாயிட்டாங்க, அப்ப நாலு பிள்ளைங்களுக்கும் கால் கால். ஆளுக்கு இருபத்தேழரை சென்ட். பட்டா தனிப்பட்டாவா இருக்கறதால இது மாறாது, பட்டா வரி கட்டறதுக்கும் அனுபவத்துக்கும் ஒரு ஆதாரம், அதுமட்டும் கிரய உரிமை ஆகாது. வில்லங்கத்துல பதிஞ்சது மட்டும்தான் வரும், பதியாம பேசிகிட்ட பாகம் எப்படி வரும்?

நேர்ல பாத்தது

மாசி மாசம் தோட்டத்துக்கு போனாங்க, நானும் போயிருந்தேன். கிணறு ஏ ஷெட்யூல் நிலத்துக்குள்ள இருக்கு. தண்ணி முக்கா கிணறு நின்னுச்சு, அந்த வெயில்ல அதை பாத்ததும் வாங்க வந்தவரு முகத்துல சந்தோஷம். அம்மா மட்டும் கிணத்து மேட்டுல நின்னு எதிர்ப்பக்கம் பாத்துகிட்டே இருந்தாங்க. அங்க கருங்கல் இடுக்குல ரெண்டு இஞ்ச் பிவிசி பைப் ஒண்ணு தலைய நீட்டிகிட்டு கிணத்துக்குள்ள தண்ணிய ஊத்திகிட்டு இருந்துச்சு. "அந்த பைப்பு எங்கிருந்து வருதுங்க?"ன்னாங்க. விக்கிறவரு பதில் சொல்லல, புரோக்கர்தான் "ஊத்துத்தண்ணிங்கம்மா"ன்னாரு. ஊத்துக்கு யாராச்சும் பைப்பு போடுவாங்களா. வரப்பு மேல நடந்து போய் பாத்தா, அண்ணனோட தோட்டத்துல அவரு சொந்தமா ஓட்டின 850 அடி போர். அந்த தண்ணிதான் கிணத்துல விழுந்து, அங்கிருந்து மோட்டார்ல ஏறி ரெண்டு தோட்டத்துக்கும் பாயுது. கிணத்துக்குன்னு சொந்த ஊத்து சித்திரை வைகாசில கிடையாது.

சர்வீஸ் கதையும் அதே மாதிரிதான். 5 எச்பி இலவச சர்வீஸ் ஒண்ணே ஒண்ணு, இன்னும் செத்துப்போன அப்பா பேர்லயே இருக்கு, அண்ணனும் தம்பியும் முறை வெச்சு ஓட்டறாங்க. பேர் மாத்தணும்னா மத்த வாரிசுங்க சம்மதம் வேணும்.

அப்புறம் தடம். ஊராட்சி ரோட்டுல இருந்து ஒரு இட்டேரி வருது, ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, புலப்படத்துல (சர்வே வரைபடம்) வண்டிப்பாதை புறம்போக்குன்னே இருக்கு, அதுல பிரச்சனையே இல்ல. இட்டேரி முடியற இடத்துல இருந்து தோட்டம் வரைக்கும் இன்னொரு 60 மீட்டர் தூரம், அங்கதான் சிக்கல். 1984 பத்திரத்துல "ஏ ஷெட்யூல் வடபொழியை ஒட்டி 8 அடி அகல வண்டித்தடத்தில் சி ஷெட்யூல்தாரர் நடக்கவும் வண்டி ஓட்டவும் பாத்தியம்"னு தெளிவா இருக்கு. நேர்ல அந்த 8 அடி தடத்துல ஒரு வரிசை தென்னை, அண்ணனோட மாட்டுக்கொட்டாயி. இப்ப எல்லாரும் போயிட்டு வர்ற தடம் பி ஷெட்யூல்ல, அண்ணனோட காட்டுக்குள்ள ஓடுது. தென்னை வைக்கறப்ப தடத்தை தள்ளி விட்டுகிட்டாங்க, அண்ணன் தம்பிக்குள்ள யாரு பேப்பர் எழுதுவாங்க.

அந்த அண்ணன், அதாவது பெரியவரு, கட்டில்ல உக்காந்திருந்தாரு, நாங்க போனதும் வாங்கன்னாரு, மோர் குடுத்தாங்க. முதல்ல கேட்டது எந்தூரு, யாரு என்னன்னு. அந்த கேள்விக்கு பின்னாடி என்ன இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், இந்த பக்கம் நிலம் வாங்கறவங்களுக்கு அந்த கேள்வியோட பதிலை வெச்சு பாதி கதவு திறக்கும் இல்ல மூடும், அதை மறைச்சு எழுதறதுல அர்த்தமில்ல. தடத்தை பத்தி கேட்டப்ப கோவமே இல்லாம சொன்னாரு: "என்ர தம்பிக்கு உட்ட தடம் தம்பி அது. வாங்கறவிங்களுக்கெல்லாம் உடறதுக்கில்ல."

எடுத்த முடிவுகளும் காரணமும்

வக்கீல் ஒருத்தர்கிட்ட கேட்டதுக்கு, 1882 வசதியுரிமைச் சட்டம் 15ம் பிரிவுல 20 வருஷம் தடையில்லாம உரிமையா அனுபவிச்ச வழிக்கு பாத்தியம் உண்டு, கோர்ட்ல கேக்கலாம்னாரு. ஆனா அண்ணன் "நான் அனுமதிச்சுத்தான் போனாங்க"ன்னு சொன்னா, அனுமதியில நடந்தது அந்த கணக்குல வராது. பழைய 8 அடி தடத்தை பத்திரத்தை வெச்சு மீட்கலாம், ஜெயிக்கவும் வாய்ப்பு இருக்கு, ஆனா அதுக்கு மாட்டுக்கொட்டாய இடிக்கணும். பக்கத்து தோட்டத்துக்காரரோட மாட்டுக்கொட்டாய கோர்ட் ஆர்டர் வாங்கி இடிச்சுட்டு அதே ஊர்ல குடியிருக்கறது நடக்கற காரியமா? பாம்பு கடிச்சா ராத்திரி முதல்ல ஓடி வரவேண்டியவரு அவருதான். கேஸ் போடறதில்லைன்னு அங்கயே முடிவாயிருச்சு.

அட்வான்ஸ் பத்து லட்சம் குடுக்கல. செக்குல ரெண்டு லட்சம் குடுத்து ஆறு மாச கெடுவுல கிரய ஒப்பந்தம் போட்டு பதிஞ்சாங்க. தமிழ்நாட்டுல 2012 டிசம்பர்ல இருந்து கிரய ஒப்பந்தத்தையும் பதியணும், இன்னமும் நிறைய பேரு பதியாம பத்திரத்தாள்ல எழுதி மடிச்சு வெச்சுக்கறாங்க. ஒப்பந்தத்துலயே ரெண்டு நிபந்தனை: ஏ ஷெட்யூல் வாரிசுங்க எல்லாரும் கையெழுத்து போட்டு பாகம் ஆகணும், 12 அடி தடம் பதிஞ்ச பத்திரமா வரணும், ரெண்டும் நடக்கலைன்னா பணம் வாபஸ்.

அந்த 55 சென்ட்டை வாங்கறதில்லைன்னு முடிவு பண்ணினது அடுத்தது. புரோக்கருக்கு இது புரியவே இல்ல, "கிணறு இருக்கற நிலத்தை விட்டுட்டு எதுக்குங்க வாங்கறீங்க"ன்னாரு. கணக்கு சிம்பிள். 1984 பத்திரத்துல மூணு ஷெட்யூலுக்கும் கிணத்துல மூணுல ஒரு பங்கு, அதனால சி ஷெட்யூலை மட்டும் வாங்கினாலும் அந்த பாத்தியம் கூடவே வரும், கிணறு இருக்கற மண்ணு வேணும்னு இல்ல. அதுவுமில்லாம கோடையில அந்த கிணத்துல இருக்கறது அண்ணனோட போர் தண்ணி, அதுல பாத்தியம் கேக்க முடியாது. அப்ப 55 சென்ட்டுக்கு குடுக்கற 18, 19 லட்சத்துல சொந்தமா போர் போட்டு மிச்சமும் வரும்.

ஆனா அதை வாங்கலைன்னாலும் அக்காங்க கையெழுத்து வேணும், ஏன்னா பழைய தடம் அவங்களுக்கும் பங்கு இருக்கற மண்ணுல இருக்கு, அதை விட்டுக்குடுத்து பதிலுக்கு புதுத்தடம் வாங்கணும்னா நாலு பங்குக்காரங்களும் உக்காரணும். மூத்த அக்கா 2015லயே தவறிட்டாங்க, அவங்க வீட்டுக்காரரு, பையன், பொண்ணு மூணு பேரும் வாரிசு. இளைய அக்கா தாராபுரம் பக்கம். விக்கிறவரு முதல்ல ஒத்துக்கல, "சீரெல்லாம் செஞ்சாச்சுங்க, அக்கா ஒண்ணும் கேக்காது"ன்னாரு. அக்காகிட்ட போனா, "சீர் செஞ்சாங்கதான், இல்லீங்கல. ஆனா சீருக்கு ரசீது இருக்குதா, நிலத்துக்கு ரசீது இருக்குது"ன்னாங்க. எனக்கு சிரிப்பு வந்துருச்சு, அதுக்கு மேல அங்க பேச ஒண்ணுமில்ல.

பெரியவரோட பேசினது யாரு தெரியுமா, வாங்க வந்தவரோட அம்மா. நாங்க ஆம்பளைங்க போய் பேசினப்பல்லாம் அது பத்திரப்பேச்சாவே இருந்துச்சு. இவங்க போயி பெரியவரு சம்சாரத்தோட திண்ணையில உக்காந்து தேங்காய் விலை, வெள்ளை ஈ, மயில் தொல்லைன்னு பேசி, ரெண்டு வீட்டுக்கும் ஒரே கோயில்ல சம்பந்தக்காரங்க இருக்காங்கன்னு கண்டுபிடிச்சாங்க. கடைசில பெரியவரு கேட்டது நியாயமான விஷயந்தான்: மாட்டுக்கொட்டாயி இருக்கற பழைய தடத்தை எழுத்துல விட்டுக்குடுக்கணும், இப்ப இருக்கற தடத்துக்கு அவரு மண்ணு போகுது, அதுக்கு விலை வேணும், தடத்தை பூட்டி கேட் போடக்கூடாது. 60 மீட்டர் நீளம் 12 அடி அகலம்னா அஞ்சரை சென்ட் பக்கம் வரும். அதுல பிரிபடாத பாதி பங்கை கிரயமாவே வாங்கிக்கறதுன்னு முடிவாச்சு. வெறும் நடைபாத்தியம்னு எழுதறதைவிட பொதுத்தடமா மண்ணுலயே பங்கு இருக்கறது நல்லது, நாளைக்கு ஈபி கம்பம், தண்ணி பைப்பு எது போடணும்னாலும் யார்கிட்டயும் நிக்க வேண்டாம்.

அடுத்து பத்திர மதிப்பு. விக்கிறவரு வழிகாட்டி மதிப்புக்கு (அரசாங்கம் நிர்ணயிச்ச மதிப்பு) மட்டும் எழுதிட்டு மிச்சத்தை ரொக்கமா குடுங்கன்னாரு, டாக்ஸுக்கு பயம். ஆனா நகராட்சி எல்லையில இருந்து ரொம்ப தள்ளி இருக்கற கிராமத்து விவசாய நிலத்தை வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது, அதை ஆடிட்டர்கிட்டயே கூட்டிட்டு போய் கேக்க வெச்சதும் பயம் போச்சு. ரொக்கமா வாங்கினாத்தான் வம்பு, நிலத்துக்கு 20,000 ரூபாவோ அதுக்கு மேலயோ ரொக்கம் வாங்கினா வருமான வரி சட்டத்துல அபராதம் இருக்கு. முழுத் தொகைக்கும் எழுதினாங்க. 1.85 ஏக்கர், பேசி முடிச்சது ஏக்கர் 33 லட்சம், 61 லட்சத்து சொச்சம். 2023 ஏப்ரல்ல இருந்து பதிவுக்கட்டணம் 4ல இருந்து 2 சதவீதமா குறைஞ்சதால முத்திரைத்தீர்வையோட சேத்து 9 சதவீதம், அதுவே அஞ்சரை லட்சம் ஆச்சு. வலிக்கத்தான் செஞ்சுது.

பதிவு நாள்

மூணு பத்திரம் ஒரே நாள்ல. முதல்ல ஏ ஷெட்யூல் பாகப்பிரிவினை, அதுல பழைய தடம் ரத்து. குடும்பத்துக்குள்ள நடக்கற பாகம்ன்றதால முத்திரைத்தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு, பெருசா செலவு இல்ல. ரெண்டாவது பெரியவரு எழுதிக்குடுத்த தடத்து பாதி பங்கு. மூணாவது 1.85க்கு கிரயம். இந்த வரிசை முக்கியம், மாத்தி பதிஞ்சா நடுவுல ஒருத்தர் எந்திரிச்சு போயிட்டா வாங்கினவங்க தடமில்லாத நிலத்தோட நிப்பாங்க. தாராபுரத்து அக்கா கண்ணாடிய போட்டுகிட்டு பத்திரத்தை முதல் பக்கத்துல இருந்து படிச்சாங்க, ஆபீஸ்ல டோக்கன் போய்கிட்டே இருக்கு, தம்பி நெளியறாரு, அவங்க அவசரப்படல. அவங்க பங்குக்கு பணம் தம்பி கையில இருந்து மட்டும் போகல, அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஆளுக்கு பாதி டிடி எடுத்து பத்திரத்துலயே நம்பர் எழுதினோம்.

அதுக்கப்புறம்

2024 ஆனில குடிபோனாங்க. முதல் போர் 900 அடி போயும் புழுதிதான் வந்துச்சு, காசு போச்சு. ரெண்டாவது போர் நிலத்தோட மேக்கு மூலையில 780 அடில ஒன்றரை இஞ்ச் தண்ணி. இலவச சர்வீஸுக்கு பதிஞ்சுட்டு வருஷக்கணக்குல காத்திருக்க முடியாதுன்னு 60 சதவீத மானியத்துல சோலார் பம்ப் போட்டுகிட்டாங்க, வெயில் இருக்கற வரைக்கும் ஓடும், தென்னைக்கு சொட்டுநீர்னா அது போதும். சாளைக்கு வீட்டு கரண்ட் லைன் பொதுத்தடத்து ஓரமா வந்துச்சு, யார்கிட்டயும் என்ஓசி கேக்கல.

தோப்பு அவங்க நினைச்ச வருமானம் தரல. வெள்ளை ஈ 2016ல பொள்ளாச்சி பக்கம் வந்ததுல இருந்து இந்த ஏரியா தென்னைக்கு பழைய காய்ப்பு இல்ல, மட்டையெல்லாம் கருப்பு பூஞ்சாணம். வீடு ஓடறது இன்னமும் அந்தம்மாவோட தையல்லதான், திருப்பூர்ல இருந்து கட்டிங் பீஸ் பஸ்ல வருது, தச்சு அனுப்பறாங்க. தோட்டம் வாங்கினா அது சோறு போடும்னு நம்பி வேலையை விட்டுட்டு வர்றவங்க இந்த வரியை ரெண்டு தடவை படிக்கணும். மயிலு நிலக்கடலைய விதைச்ச அன்னைக்கே பொறுக்கிருது. ஆஸ்பத்திரிக்கு உடுமலை போகணும், அம்மாவுக்கு ஒரு ராத்திரி மூச்சு வாங்கினப்ப பெரியவரு மகன் கார்லதான் போனாங்க, கோர்ட்டுக்கு போயிருந்தா அந்த கார் வந்திருக்காது.

உரசல் இல்லைன்னு சொல்ல முடியாது. 2025 சித்திரையில கிணத்து தண்ணில மூணுல ஒரு பங்கு இருக்குன்னு வாங்கினவரு பேச்சுவாக்குல சொல்லப்போக, பெரியவரு போர் பைப்பை கிணத்துல இருந்து எடுத்து நேரா தன்னோட தொட்டிக்கு மாத்திட்டாரு. அது அவரு தண்ணி, அவரு உரிமை. இவங்க ஒண்ணும் சொல்லல, ஐப்பசி மழைக்கு கிணத்துல தானா ஊறின தண்ணில முறைப்படி ஓட்டிக்கிட்டாங்க.

அடுத்த தடவை எப்படி செய்யணும்

இதே மாதிரி கேஸ் இப்ப என்கிட்ட வந்தா நிலத்தை மாசில இல்ல, சித்திரை கடைசில போய் பாருங்கன்னுதான் சொல்லுவேன், மழை முடிஞ்ச கையோட போய் பாத்தா எல்லா கிணறும் நல்ல கிணறுதான். கிணத்துல விழற ஒவ்வொரு பைப்பும் யாரு போர்ல இருந்து வருதுன்னு நடந்தே போய் பாக்கணும். கரண்ட் சர்வீஸ் அட்டை யாரு பேர்ல இருக்குன்னு அட்வான்ஸுக்கு முன்னாடியே கேக்கணும், இங்க அது ரொம்ப லேட்டாத்தான் வெளிய வந்துச்சு. பத்திரத்துல இருக்கற தடத்தையும் கால்ல நடக்கற தடத்தையும் புலப்படத்தை கையில வெச்சுகிட்டு ஒப்பிடணும், ரெண்டும் ஒண்ணா இருக்கறது நான் பாத்த வரைக்கும் பாதி கேஸ்லதான். "கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு"ன்னு விக்கிறவர்கிட்ட கேட்டா தம்பிங்கள மட்டும் எண்ணி சொல்லுவாரு, "அக்கா தங்கச்சி எத்தனை பேரு"ன்னு தனியா கேக்கணும். போருக்கு இடம் பாக்கறதுல இவங்க அவசரப்பட்டாங்க, முதல் போருக்கு முன்னாடி சுத்தி இருக்கற நாலு தோட்டத்துல எத்தனை அடில தண்ணி வந்துச்சு, எது பொய்ச்சுதுன்னு கேட்டிருந்தா அந்த காசு மிஞ்சியிருக்கலாம்.

இன்னும் முடியாதது ரெண்டு இருக்கு. 1.85க்கு பட்டா உடனே மாறிருச்சு, ஏற்கனவே தனி உட்பிரிவா இருந்ததால. தடத்து அஞ்சரை சென்ட்டுக்கு உட்பிரிவு செஞ்சு கூட்டுப்பட்டா போடணும், சர்வேயர் ஒரு தடவை வந்து அளந்துட்டு தென்மேற்கு மூலை கல்லை காணோம்னு எழுதிட்டு போயிருக்காரு, கல்லு கிளுவை வேர்க்குள்ள இருக்குன்னு பெரியவரு சொல்றாரு, வேலியை வெட்ட ரெண்டு பேரும் சேர்ந்து ஆள் விடறதா பேச்சு. அப்பா பேர்ல இருந்த இலவச சர்வீஸ் இன்னும் அப்பா பேர்லயே ஓடுது, அதை அண்ணன் பேருக்கு மாத்த தம்பியும் தாராபுரத்து அக்காவும் கையெழுத்து போட்டாச்சு, மூத்த அக்கா பையன் வெளிநாட்டுல இருந்து வரணும்.